அராஜகம் யாருடையது?

கோவில்பட்டிப் பேருந்து நிலையச் சுவர்களிலோ சாத்தூர்ச் சாலையின் பாலங்களிலோ, காவல்துறையின் அராஜகத்தைக் கண்டிக்கும் சுவரொட்டி ஒன்றையேனும் பார்த்திராதவர் நம்மில் குறைவு. கட்சி மாறும், கொடி மாறும். அந்தச் சொல் மட்டும் மாறுவதில்லை. அராஜகம் என்ற வடசொல்லுக்கு அரசன் இல்லாத நிலை என்பதே பொருள். ஆள்வோர் இல்லாமையைக் குறிக்கப் பிறந்த சொல்லை, ஆள்வோரின் கை மிஞ்சும்போதெல்லாம் நம் மக்கள் எடுத்து வீசுகிறார்கள். சொல்லைப் பிழையாக ஆள்கிறோம் என்று மொழியறிஞர் திருத்தக்கூடும். ஆனால் கரிசல் பூமியின் கடந்த இருநூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை பதுங்கியிருப்பது புலப்படும்.

அரசே வேண்டாம் என்று வாதிட்ட சிந்தனையாளர்கள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றினார்கள். பிரான்சின் புரூதோன், இரஷ்யாவின் பக்கூனின், குரொப்பொட்கின் ஆகியோர் அவர்களுள் தலையாயவர்கள். அவர்கள் அரசின்மீது சுமத்திய குற்றச்சாட்டு எளிமையானது. மனிதரைக் காப்பதாகச் சொல்லி எழும் அதிகாரம், நாளடைவில் தன்னைக் காத்துக்கொள்வதையே தொழிலாக்கிக் கொள்கிறது; காக்கப்பட வேண்டிய மனிதர் அதன் கணக்கேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிப் போகிறார். மன்னனை இறக்கிவிட்டு மக்களாட்சியை ஏற்றினாலும், முதலாளியை இறக்கிவிட்டுத் தொழிலாளர் கட்சியை ஏற்றினாலும், சிறையும் தண்டல் கச்சேரியும் இருந்தபடியே இருக்கின்றன என்றார்கள்.

விவிலியம் வாசிப்போருக்கு இந்தக் குரல் முற்றிலும் புதிதன்று. தங்களுக்கும் பிற இனத்தாரைப்போல் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேலர் கேட்டபோது, முதியவராகிய சாமுவேல் அவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை முதல் நூலின் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் மைந்தரைப் படைக்கும் உங்கள் புதல்வியரை அடுக்களைக்கும் அவன் கொண்டுபோவான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அவனுக்குப் போகும், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்பது அதன் சாரம். மக்கள் கேட்கவில்லை. கடவுளும் அவர்கள் விருப்பப்படியே விட்டுவிடுகிறார். அரசு என்பது விண்ணிலிருந்து இறங்கிய கொடையாக அன்றி, மனிதர் அடம்பிடித்து வாங்கிக்கொண்ட சுமையாக வரும் அந்த அதிகாரத்தை நமது மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பதில்லை.

சாமுவேல் சொன்ன அந்தப் பட்டியலைக் கரிசல் மக்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மீண்டும் எழுந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தில் கோட்டைகளை இடிக்கவும், ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. பாளையக்காரர் ஆட்சி பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களும் குடிகளிடம் தண்டியவர்கள்தாம். ஆயினும் அதுவரை ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த வாளும் வேலும் அன்றைக்கு ஒரே கையில் போய்ச் சேர்ந்தன. ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் இனிக் கம்பெனியின் கச்சேரிக்குப் போக வேண்டும். கம்பெனியே அவனைத் தாக்கினால் போவதற்கு இடமில்லை. அரசு என்று இன்று நாம் அறிந்திருப்பது கரிசலுக்கு வந்து சேர்ந்த விதம் இது.

ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஆட்சியை எதிர்த்தெழுந்த இருவரும் இதே மண்ணில் பிறந்தவர்கள். வ. உ. சிதம்பரனார் ஒட்டப்பிடாரத்தார், பாரதியார் எட்டயபுரத்தார். 1908 மார்ச் 12 அன்று சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கலகம் நடந்த ஊர்களில் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு அவ்வூர் மக்கள் தலையிலேயே வரியாக விழுந்தது. தம்மை அடிப்பவனுக்குத் தாமே கூலி கொடுப்பது என்றால் என்ன என்பதைத் தென்னாட்டார் அப்போது நன்றாகவே கற்றார்கள். அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட அந்தத் தண்டனைக்கு அடிப்படையாக இருந்தது அரச நிந்தனைப் பிரிவு. சென்னையில் பாரதியார் பொறுப்பில் வெளிவந்த 'இந்தியா' வார இதழ்மீதும் அதே பிரிவு பாய்ந்தது. இதழின் பதிப்பாளராகப் பெயர் பதிந்திருந்தவர் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரி சென்றார்.

அந்த 'இந்தியா' இதழை நடத்திய மண்டயம் குடும்பத்தில் ஓர் இளைஞர் இருந்தார். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார், சுருக்கமாக எம். பி. டி. ஆச்சார்யா. 1887இல் சென்னையில் பிறந்தவர். இதழோடு புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து இலண்டனுக்குக் கப்பலேறினார். தமிழ் வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே நிற்கும் இவரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு என்னும் அமைப்பையே மறுத்து உலக அரங்கில் எழுதிய இந்தியர் மிகச் சிலர். அவர்களுள் முதலில் வைக்கத்தக்கவர் இவர்.

அவர் ஐரோப்பாவில் இருந்த காலத்தில்தான், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். ஆங்கிலேய அரசின் கண்ணில் இத்தகைய செயல்களெல்லாம் அராஜகம். 1919இல் அது இயற்றிய ரௌலட் சட்டத்தின் முறையான பெயரே அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம் என்பதுதான். ஆனால் வாஞ்சிநாதன் விட்டுச்சென்ற கடிதத்தைக் காண்போர், அவர் அரசின்மையைக் கனவு கண்டவரல்லர் என்பதை உணர்வர். அந்நிய மன்னன் போய்த் தம் சமயநெறி வழுவாத ஆட்சி வரவேண்டும் என்பதே அவரது வேட்கை. துப்பாக்கி எடுத்தவர் வேறோர் அரசை விரும்பினார். எல்லா அரசுகளையும் பின்னாளில் ஐயுற்ற ஆச்சார்யாவோ, ஆயுத வழியை விட்டு எழுத்துக்கு வந்து சேர்ந்தார். வேடிக்கைதான்.

அந்த ஐயம் அவருக்கு நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. இலண்டன், லிஸ்பன், பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், அமெரிக்கா என்று அவர் அலைந்தார். 1919இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்த இந்தியர் குழுவில் இருந்தார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி உருவானபோது அதன் தலைவர் அவர், செயலாளர் முகமது ஷபீக். சில மாதங்களிலேயே ஆச்சார்யாவும் எம். என். ராயும் முரண்பட்டார்கள். மக்கள் பெயரால் ஆளும் கட்சி மக்களைக் கேளாமல் ஆள்வதை அவர் அருகிலிருந்து பார்த்தார். 1922இல் ஓவியரான தம் இரஷ்ய மனைவி மாக்தா நாஹ்மனுடன் பெர்லினுக்குத் திரும்பி, அவ்வாண்டு டிசம்பரில் அங்கே கூடிய அரசின்மைவாதத் தொழிற்சங்கத்தாரின் அனைத்துலக மாநாட்டில் கலந்துகொண்டார். அதன்பிறகு அவர் எழுதியவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கச் சிற்றிதழ்களில் வந்தன. ஆங்கிலேயர் கையிலிருந்து காங்கிரசார் கைக்கு ஆட்சி மாறுவதால் குடியானவன் விடுதலை பெறமாட்டான் என்பதும், கம்யூனிசத்தின் பெயரால் வரும் அரசும் முதலாளியின் இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும் என்பதும், தாமே கூடித் தம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊர்களின் இணைப்பே வழி என்பதும் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவை. காந்தியடிகளின் அகிம்சையில் அவருக்கு மதிப்பு இருந்தது. அரசு என்பதே நிறுவனமாகிவிட்ட வன்முறை என்ற தம் எண்ணத்துக்கு அது துணை நின்றதே காரணம். 1916இல் காசிப் பல்கலைக்கழக விழாவில், தாமும் ஓர் அராஜகவாதிதான், ஆனால் வேறு வகையினர் என்று சொல்லி மேடையில் இருந்தோரைத் திடுக்கிட வைத்தவர்தாமே காந்தியடிகள்!

ஹிட்லரின் ஜெர்மனியில் இருக்க முடியாமல், 1935இல் ஆச்சார்யா பம்பாய் வந்து சேர்ந்தார். வறுமையில் எழுதினார். 1951இல் மனைவி மறைந்தார். 1954இல் அவரும் மறைந்தார். அவருடைய கட்டுரைகள் ஒரு தொகுதியாக ஆங்கிலத்தில் வெளிவர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆட்சி கைமாறினாலும் கருவி மாறாது என்று அவர் சொன்னது மிகையா? தீர்ப்பைக் கரிசல் மண்ணிடமே விடலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்த கள்ளர் மக்கள் சுடப்பட்டார்கள். பின்னர் அது இராமநாதபுரத்து ஆப்பநாட்டு மறவர்மீதும் விரிந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த குலமே குற்றமாக, ஆடவர் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்த அரச நிந்தனைப் பிரிவோ விடுதலைக்குப்பின் முக்கால் நூற்றாண்டு உயிரோடிருந்தது. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை; ஆனால் அதன் 152ஆம் பிரிவு பழையதையே வேறு உடையில் நிறுத்தியிருக்கிறது என்பது சட்டமறிந்தோர் பலரின் கருத்து.

உழவனுக்கு இந்த உண்மை வேறு வழியாக வந்தது. மானாவாரியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவனிடம் அரசுப் பாக்கியை வசூலிக்க இன்றும் துணை நிற்பது 1864இல் பிறந்த வருவாய் வசூல் சட்டம். விடுதலை பெற்ற நாட்டின் அதிகாரி, விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தோடு வந்துதான் வீட்டுக் கதவையும் பித்தளை அண்டாவையும் ஜப்தி செய்தார். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டபோது, 1970களிலும் 1980களிலும் துப்பாக்கிகள் பலமுறை வெடித்தன. கழுகுமலைக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்குளத்தில் 1980 டிசம்பர் 31 அன்று உழவர்கள் மாண்டார்கள். நாயுடு கோயம்புத்தூர்க்காரர்; ஆனால் 1984 டிசம்பர் 21 அன்று அவர் உயிர் பிரிந்தது கோவில்பட்டியில்.

இந்த அளவில் ஆச்சார்யாவின் பக்கமே நியாயம் என்று தோன்றும். ஆனால் கரிசல் கிராமத்தின் கீழத்தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியும். ஊர் தன்னைத்தானே ஆண்டுகொள்ளட்டும் என்றால், எந்த ஊர்? ஊர்க்கூட்டம் என்றால் யார் கூடுவது, யார் கைகட்டி நிற்பது? கிராமத்தைக் குறுகிய மனத்தின் குழியென்று அம்பேத்கர் 1948இல் அரசமைப்பு அவையில் சாடியபோது நினைத்தது இதைத்தான். நாமும் வெளியே நின்று பேச முடியாது. நமது ஆலயங்களுக்குள்ளேயே சாதிச்சுவர் நின்றதுண்டு. வடக்கன்குளத்தில் அது 1910இல்தான் இடிபட்டது. தீண்டாமையைக் குற்றமென்று ஆக்கியதும், பள்ளிக் கதவைத் திறந்ததும் அரசின் சட்டமே. அரசு இல்லாவிட்டால் கரிசலில் வருவது குரொப்பொட்கின் கண்ட கூட்டுறவாக இராது. மேலத்தெருவின் ஆணையாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் எளியவனுக்கு அரசே அரணா? 1995 ஆகஸ்டு 31 அன்று மணியாச்சி வட்டாரத்துக் கொடியங்குளத்துக்குள் பெரும் காவற்படை நுழைந்தது. தலித் மக்கள் வெளிநாடு சென்று உழைத்துச் சேர்த்த பொருள்கள் வீடுவீடாக உடைத்து நொறுக்கப்பட்டன. அரசின் காவல் யாருக்கு மிகத் தேவையோ, அவர்கள்மீதே அதன் கை மிகக் கனமாக விழுந்தது. ஊருக்கு அஞ்சி அரசிடம் ஓடியவர்கள், அரசுக்கு அஞ்சி எங்கே ஓடுவது? இந்தக் கேள்விக்கு அரசின்மைவாதியிடமும் விடையில்லை, அரசை வணங்குவோரிடமும் விடையில்லை.

திருச்சபை அரசின்மைவாதத்தை ஏற்றதில்லை. பொதுநலனுக்கு ஓர் அதிகாரம் வேண்டும் என்பது அதன் போதனை. ஆனால் மனிதரும் குடும்பமும் அரசுக்கு முந்தியவை என்று 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தமது தொழிலாளர் சுற்றுமடலில் எழுதினார். 1931இல், முசோலினி ஆண்ட இத்தாலியின் நடுவிலிருந்து, பதினோராம் பத்திநாதர் இன்னும் ஓரடி முன்வைத்தார். ஒரு மனிதரோ சிறு குழுவோ தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றார். பெரியது சிறியதற்குத் துணையாக நிற்க வேண்டுமே ஒழிய அதை விழுங்கலாகாது. அவ்வாறாயின் அரசின் அதிகாரம் ஓர் எல்லைக்குட்பட்டது. கடவுளுக்கும் மனிதருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியது. ஓரியூரில் அருளானந்தரும் காற்றாடிமலையில் தேவசகாயமும் அந்த எல்லைக் கோட்டின்மீதுதான் உயிர் கொடுத்தார்கள். ஒருவர் சேதுபதியின் ஆணையால், மற்றவர் திருவிதாங்கூர் அரசின் ஆணையால்.

இன்னும் துணிந்தவர்களும் நம்மிடையே உண்டு. 1933 மே முதல் நாள் நியூயார்க்கில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' இதழைத் தொடங்கிய டாரதி டே, தம்மை அரசின்மைவாதி என்று சொல்லிக்கொள்ளத் தயங்காதவர். நாள்தோறும் திருப்பலி காண்பார். பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றுவார். போருக்குப் போகும் வரியைக் கட்டமாட்டார். அணுகுண்டுக்கு ஒத்திகையாக மக்களைப் பதுங்கச் சொன்ன அரசாணையை மறுத்து, 1955 முதல் பலமுறை கைதானார். இன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான ஆய்வு நடந்துவருகிறது. நம் கரிசல் ஓரத்திலும் அவருக்கு ஓர் உறவினரைச் சொல்லலாம். தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இயேசுவின் போதனைகளைப்பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப்பற்றியும் நூல்கள் எழுதியவர். இறுதி ஆண்டுகளை தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். எல்லாவற்றையும் தலைநகருக்குக் குவிக்கும் திட்டங்களை அவர் கடைசிவரை ஒப்பவில்லை.

கோட்பாடுகள் இவ்வளவும் ஒருபுறம் இருக்க, ஒரு மனிதரின் கதைக்குத் திரும்புவோம். 1912 இறுதியில் விடுதலையான சிதம்பரனாருக்கு வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. அரிசிக் கடையும் எண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்துப் பார்த்தார். கடைசியில் அந்த உரிமையை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. சிதம்பரனார் 1920களில் கோவில்பட்டிக்கு வந்து வழக்குரைத்தார். நன்றி மறவாத அவர் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். எந்த அரசு அவரைச் செக்கில் கட்டியதோ, அதே அரசின் நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் பெயர்! அரசு என்ற கருவிக்கு மனச்சான்று கிடையாது என்று ஆச்சார்யா சொல்லலாம்; சரிதான். கருவிக்குள் இருக்கும் மனிதருக்கு உண்டு என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்துக்குப்பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் அவர்களை நூறு கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். 22ஆம் நாள் இரவு மகனும், 23ஆம் நாள் அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். நோயிலிருந்து மக்களைக் காக்கப் போட்ட ஆணை அது. கைதுக்கும் சிறைக்கும் இடையில் எத்தனையோ கைகள் கையெழுத்திட்டிருக்கின்றன. காயங்களைப் பார்த்தும் பார்க்காமல் தாள்கள் நகர்ந்தன. அரசின்மைவாதிகள் சொன்ன கணக்கேட்டின் வரி என்பது இதுதான்.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கெடுத்தது. கோவில்பட்டிக் குற்றவியல் நடுவர் விசாரிக்கச் சென்றபோது, காவல் நிலையத்தில் அவருக்கு ஒத்துழைப்பு மறுக்கப்பட்டது, அவமதிக்கவும் பட்டார். நீதிமன்றம் அந்த நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் விட உத்தரவிட்டது. அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் மட்டும், அன்றிரவு முழுவதும் நடந்ததை நடுவரிடம் சொன்னார். வெளியே உடன் பணியாற்றுவோர் நின்றிருக்க, அச்சத்தோடுதான் சொன்னார். தயங்கியே தம் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். அதன்பின் அவருடைய வீட்டுக்குக் காவல் போட நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது.